டீச்சர் தெரிந்தெடுத்த சின்னப் பரீட்சை

போன மாதம் ஓய்வூதியப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து வைக்க நான் முன்னர் வேலை செய்த மன்னார்க் கந்தோருக்கு வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த நீங்கள் நான்கு பேரும் தேநீர் வேளையில் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"சேர், தொடக்கநிலைச் சோதினை எடுக்கிறதோ, இல்லாட்டி நேரா உயர்நிலைக்குப் போறதோ? எது நல்லது?"

"யோசிச்சுச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு நறுவிலிக்குளத்தில் இருக்கும் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன். ஏனென்றால் அந்தக் கேள்விக்கு ஒருகாலத்தில் நான் யோசிக்காமலே பதில் சொன்னவன். அந்தப் பதில் பிழை. அது எப்படிப் பிழையானது என்பதைத் தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களும் இதை வாசிக்கலாம் என்பதால் முதலில் இரண்டு வார்த்தை. ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனத்துக்காக இந்த மாவட்டத்தின் கிராமங்களில் இருக்கும் குடும்பங்களின் விவரங்களைப் பேணுவதுதான் எங்கள் கந்தோரின் வேலை. அந்த விவரங்கள் எங்கள் மேசையில் இருக்கும் கணினியில் இல்லை. எங்கோ தூர தேசத்தில் இருக்கும் பெரிய கணினிகளில், இணையத்தின் வழியே வாடகைக்கு எடுத்த இடத்தில் இருக்கின்றன. அதைத்தான் கிளவுட் என்கிறோம். அந்தத் தளத்தை நடத்தும் கம்பனி இரண்டு வகைப் பரீட்சை வைக்கிறது. தொடக்கநிலையில், எந்தப் பகுதி என்ன செய்கிறது, தரவு எங்கே கிடக்கிறது, யார் பார்க்கலாம், அழித்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். சில மாதப் பழக்கம் போதும். உயர்நிலையில் ஒரு நிலைமையை விவரித்து, நான்கு விடைகள் தருவார்கள். நான்கும் சரிபோலவே இருக்கும். அந்த நிலைமைக்குப் பொருந்துகிற ஒன்றைப் பிடிக்க வேண்டும். அதற்கு வருடக்கணக்கான அனுபவம் வேண்டும்.

என்னிடம் உயர்நிலைச் சான்றிதழ் இருந்தது. கொழும்பிலும் பிறகு வளைகுடாவிலும் வேலை செய்து ஊருக்குத் திரும்பி வந்து தலைமைக் கந்தோரின் கிளையாக இந்தக் கந்தோரைத் தொடங்கியபோது, அதைச் சட்டம் போட்டு என் கதிரைக்குப் பின்னால் மாட்டினேன். வருகிறவர்கள் என்னைப் பார்க்க முன்னர் அதைப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இனி டீச்சரைப் பற்றி. அவருடைய பெயரை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். முசலிப் பக்கத்து மறிச்சுக்கட்டிக்காரர். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பல வருடம் தொண்டர் ஆசிரியராகக் கணிதம் படிப்பித்தவர். நிரந்தர நியமனம் வராது என்று தெரிந்தபிறகு எங்களிடம் வந்தார். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். கந்தோரில் எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டோம். ஒவ்வொரு நாளும் சிலாவத்துறை வழியாக வரும் பஸ்ஸில் வருவார், அதே வழியில் போவார். நாலு வருடத்தில் எங்கள் வேலையில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நான் நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் நிறுவனம் ஒரு நிபந்தனை வைத்தது. பக்கத்து மாவட்ட வேலையும் எங்களுக்கு வர வேண்டுமென்றால், என்னைத் தவிர இன்னொருவரும் உயர்நிலைச் சான்றிதழ் எடுத்திருக்க வேண்டும். நான் உடனே டீச்சரைக் கூப்பிட்டேன்.

"டீச்சர், உயர்நிலைக்குப் பதியுங்கோ. மூண்டு மாசம் தாறன்."

"நான் தொடக்கநிலையை எடுக்கிறன் சேர்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "அது நேற்று வந்த பிள்ளையள் எடுக்கிற சோதினை. நீங்கள் நாலு வருஷம் இதுக்குள்ள கிடக்கிறீங்கள்."

"அதுதான் சேர். நாலு வருஷமா எனக்கு வேலை பழகிட்டுது. விளங்கிட்டுதோ எண்டு தெரியாது. நீங்கள் காட்டித் தந்த மாதிரிச் செய்யிறன், சரியா வருது. ஏன் சரியா வருது எண்டு ஆராவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

"எல்லாருக்கும் அப்பிடித்தான் டீச்சர்."

"அப்ப எல்லாரும் எடுக்கோணும் போல."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுட்டது. அன்று பின்னேரமே தலைமைக் கந்தோருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் இன்னும் தயாராகவில்லை, தன்னம்பிக்கை குறைவு என்று எழுதினேன். நான் எழுதியவற்றில் மிகவும் வெட்கப்படுகிற வரிகள் அவைதான். தன்னம்பிக்கை குறைந்த ஒருவரால் தன் மேலதிகாரியின் முகத்தைப் பார்த்து "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்ல முடியாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

டீச்சர் படிக்கத் தொடங்கினார். பஸ்ஸில் படிப்பார். கந்தோருக்கு வந்ததும் என்னிடம் கேள்வி கேட்பார். எரிச்சல் வரும் அளவுக்குச் சாதாரணமான கேள்விகள்.

"சேர், ஒரு அட்டவணையில இருந்து ஒரு வரியை அழிச்சா, அது எங்க போகுது?"

"எங்கயும் போகாது. பழைய நிலையைத் தளம் கொஞ்ச நாளைக்கு வைச்சிருக்கும். தேவையெண்டா எடுக்கலாம்."

"எங்கட அட்டவணைக்கு எத்தனை நாள்?"

எனக்குத் தெரியாது. சுவரில் சான்றிதழ் தொங்குகிறது, எனக்குத் தெரியாது. அவரே தேடிப் பார்த்து வந்து சொன்னார்: "ஒரு நாள் சேர். கம்பனி தந்தபடியே கிடக்குது. ஆரும் மாத்தேல்லை. வெள்ளிக்கிழமை ஒரு பிழை விட்டு திங்கட்கிழமை கண்டுபிடிச்சா, எடுக்க ஏலாது."

பிறகு பார்ப்போம் என்றேன். அடுத்த கிழமையும் கேட்டார். அதற்கடுத்த கிழமை, அந்த நாளைக் கூட்டுவதற்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுக் கையெழுத்துக்காக நின்றார். தொல்லை தாங்காமல் கையெழுத்துப் போட்டேன். ஒரு நாள் பத்து நாளாக மாறியது.

அது நடந்து ஒரு மாதம் இருக்கும். கார்த்திகை. நிறுவனத்திடமிருந்து ஒரு முறைப்பாடு வந்தது: ஒரே குடும்பம் பட்டியலில் இரண்டு தடவை வருகிறது, துப்புரவாக்குங்கள். அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் படிப்பு லீவில் நின்றார். நான் தனியாக உட்கார்ந்து ஒரு விதி எழுதினேன். ஒரே அடையாள அட்டை இலக்கம் இரண்டு இடத்தில் வந்தால் பழைய பதிவை வைத்துக்கொள், புதியதை எடுத்துவிடு. பழைய பதிவுதான் பலமுறை சரிபார்க்கப்பட்டது என்பது என் நியாயம். விதியை ஓடவிட்டேன். இரட்டைப் பதிவுகள் எல்லாம் போயின. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை, மூன்றாவது நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அருவி ஆறு கரை தொட்டு ஓடுகிறது, பின்னேரத்துக்குள் முசலிப் பக்கத்து வீதி மூடப்படலாம் என்று செய்தி. நிறுவனத்தின் லொறிகள் மன்னாரில் உலர் உணவு ஏற்றிக்கொண்டு நின்றன. எந்தக் கிராமத்துக்கு எத்தனை பொதி என்பது எங்கள் பட்டியலின்படிதான். ஒன்பது மணிக்குப் பட்டியலை அனுப்பிவிட்டேன்.

ஒன்பதரைக்கு டீச்சர் வந்து சேர்ந்தார். அவருடைய பஸ் தண்ணீருக்குள்ளால் ஊர்ந்து வந்திருந்தது. அபாயாவின் கீழ்ப்பகுதி நனைந்து பாரமாகத் தொங்கியது. குடையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, உட்கார்ந்து, அனுப்பிய பட்டியலைத் திறந்தார்.

"சேர்."

"சொல்லுங்கோ டீச்சர்."

"என்ர வீடு இல்லை."

வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று நினைத்து நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டேன்.

"இல்லை சேர், வீடு இருக்குது. பட்டியல்லதான் இல்லை. உம்மாவின்ர பேரும் இல்லை. எங்கட பக்கத்தில பாதிக்கு மேல இல்லை."

எந்தப் பட்டியல் வந்தாலும் தனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு வரியை முதலில் தேடிப் பார்ப்பது அவருடைய பழக்கம். அந்த வரி சரியென்றால்தான் மற்றவற்றுக்குப் போவார். அவருக்கு மிக உறுதியாகத் தெரிந்தது தன் வீடு.

அவருடைய இலக்கத்தைப் போட்டுத் தேடினேன். தெற்கே வேறொரு மாவட்டமான புத்தளத்தில் இருந்தார். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தின்போது முசலியை விட்டுப் போக வேண்டி வந்த முஸ்லிம் குடும்பங்கள் எத்தனையோ வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவை. அங்கே இருந்தபோது நிறுவனம் எடுத்த பழைய பதிவு புத்தளத்தில், புதிய பதிவு முசலியில், இரண்டும் எங்கள் அட்டவணையிலேயே கிடந்தன. பழையதை வைத்துப் புதியதை எடு என்று நான் எழுதிய ஒரு வரி, திரும்பி வந்த சனத்தையெல்லாம் மறுபடியும் புத்தளத்துக்கு அனுப்பிவிட்டது. நான் இந்த மாவட்டத்தில் பிறந்தவன். இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. விதி எழுதும்போது அது என் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

நான் கணினிக்குத் திரும்பி, பிரதான அட்டவணையிலேயே திருத்தத் தொடங்கினேன்.

"கையை எடுங்கோ சேர்."

அப்படி ஒரு குரலில் அவர் என்னோடு அதற்கு முன்னர் பேசியதில்லை. கையை எடுத்தேன்.

"பிழையான பட்டியல் வெளியில போயிட்டுது. முதல்ல அதை நிப்பாட்டுவம்."

"சரியான பட்டியலைக் கையில வைச்சுக்கொண்டு கதைப்பமே டீச்சர். அரை மணித்தியாலம் தாங்கோ."

"அரை மணித்தியாலத்தில லொறி வெளிக்கிட்டிடும். பிறகு வீதி மூடிடும்."

நான் தயங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், லொறியை நினைத்துத் தயங்கவில்லை. பிழை விட்டுவிட்டோம் என்று நிறுவனத்துக்கு என் வாயால் சொல்ல வேண்டுமே என்றுதான் தயங்கினேன். டீச்சர் போனை எடுத்து, களப் பொறுப்பாளரின் இலக்கத்தை அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் என்னிடம் நீட்டினார்.

"நீங்கள்தான் சொல்லோணும் சேர். நான் சொன்னா அவங்கள் உங்களிட்டக் கேட்டுத்தான் நிப்பாட்டுவாங்கள். நேரம் போயிடும்."

சொன்னேன். "பட்டியல் பிழை. லொறியளை விடாதேங்கோ. பிழை என்னுடையது." மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பிறகு, "பதினொரு மணி மட்டும் நிப்பாட்டுறன். அதுக்குப் பிறகு ஏலாது" என்றார்.

போனை வைத்ததும் டீச்சர் தன் கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "இப்ப இருக்கிறதைத் தொட வேண்டாம். வெள்ளிக்கிழமைக் காலையில அட்டவணை எப்பிடி இருந்ததோ, அப்பிடி ஒரு கொப்பியைப் பக்கத்தில எடுப்பம்."

மூன்று நாள் பழைய நிலை. பத்து நாள் என்று அவர் மாற்றிவைத்திருக்காவிட்டால் அது அப்போது எங்கள் கைக்கு எட்டாமல் போயிருக்கும். அதை அவர் ஞாபகப்படுத்தவில்லை. ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. ஒரு கட்டளையை எழுதினார். இரண்டு நிமிடத்தில் கொப்பி வந்தது. தன் வீட்டைத் தேடினார். மறிச்சுக்கட்டி என்று இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "இதை அனுப்புவமா சேர்?"

அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் மூளை திரும்பி வந்தது. "பொறுங்கோ டீச்சர். சனி, ஞாயிறு களத்தில நிண்ட ஆக்கள் புதுக் குடும்பங்களைப் பதிஞ்சிருப்பினம். இந்தக் கொப்பியை மட்டும் அனுப்பினா அவை விடுபட்டுப் போகும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஓம் சேர். எனக்கு அது படேல்லை."

அந்த இரண்டு நாளில் சேர்ந்தவற்றை நான் தனியாகப் பிரித்தெடுத்தேன். அவர் கொப்பியோடு சேர்த்தார். ஒவ்வொரு ஊரிலும் தெரிந்த இரண்டு மூன்று வீடுகளைத் தேடிப் பார்த்தோம். இரண்டு கிராம சேவகர்களிடம் போனில் எண்ணிக்கையை ஒப்பிட்டோம். பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது புதிய பட்டியல் போனது. முசலிக்கு இரண்டு லொறிக்குப் பதிலாக ஐந்து லொறி வெளிக்கிட்டன. வீதி மூடப்பட்டது மூன்றரைக்கு.

லொறிகள் போய்விட்டன என்ற செய்தி வந்தபிறகுதான் டீச்சர் தன் போனை எடுத்து வீட்டுக்குக் கதைத்தார். "உம்மா, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போங்க. சாமான் வருது." அவ்வளவுதான் சொன்னார். பிறகு முகத்தைக் கழுவப் போய்விட்டார். ஒன்றரை மணித்தியாலமாக அவருடைய மனதில் என்ன ஓடியிருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். என் அனுபவத்தில் நெருக்கடி நேரத்தில் கத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒளிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தன் பிள்ளைகள் வெள்ளத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது, அடுத்ததாகச் செய்ய வேண்டியது எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு இருந்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

அந்தக் கிழமை நான் நிறுவனத்துக்கு அறிக்கை எழுதினேன். "தவறான விதி ஒன்று பயன்படுத்தப்பட்டது" என்று எழுதி டீச்சரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "ஆர் பயன்படுத்தினது எண்டு இதில இல்லையே சேர்?" என்றார். படிப்பித்தவர் அல்லவா, செய்தவர் யார் என்று இல்லாத வாக்கியம் அவருடைய கண்ணில் பட்டுவிட்டது. என் பெயரை எழுதினேன். அதே கையோடு, அவரைப் பற்றி முன்னர் எழுதியது தவறு என்று தலைமைக் கந்தோருக்கும் எழுதினேன்.

தண்ணீர் வடிந்தபிறகு ஒருநாள் மறிச்சுக்கட்டிக்குப் போனேன். டீச்சரின் தாயாரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனம் அரித்தது. முற்றத்தில் பாய்களை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"பட்டியல்ல நாங்க விடுபட்டது இதுதான் முதல் தடவையா தம்பி?" என்றார். குரலில் கோபம் இருக்கவில்லை. "எத்தனை கந்தோரில நிண்டிருப்பம். இங்க கேட்டா அங்க எண்டுவாங்க, அங்க கேட்டா இங்க எண்டுவாங்க. இப்ப நாங்க எங்க இருக்கிறம்?"

"மறிச்சுக்கட்டியில அம்மா."

"ஆ. அப்ப இருங்க, தேத்தண்ணி போடுறன்."

வெள்ளத்தால் பிந்திய தொடக்கநிலைப் பரீட்சையை டீச்சர் தை மாதத்தில் எழுதி, நல்ல புள்ளிகளோடு சித்தியடைந்தார். ஒன்றரை வருடம் கழித்து, யாரும் சொல்லாமல், தானே உயர்நிலைக்குப் பதிந்தார். முதல் தடவை சித்தியடையவில்லை. அன்று தேநீர் வேளையில் அவரே எழுந்து நின்று சொன்னார்: "நான் பெயில். பாதுகாப்புப் பகுதியிலயும் செலவுத் திட்டத்திலயும் விட்டுட்டன். இதில கெட்டிக்காரர் ஆராவது இருந்தா எனக்குச் சொல்லித் தாங்கோ." அதற்குப் பிறகு அந்தக் கந்தோரில் யாரும் தங்கள் தோல்வியை மறைத்ததாக எனக்கு நினைவில்லை. நாலு மாதத்தில் மறுபடி எழுதிச் சித்தியடைந்தார். பக்கத்து மாவட்ட வேலையும் வந்தது. நீங்கள் இன்று யாருக்குக் கீழே வேலை செய்கிறீர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, உங்கள் கேள்வி. பரீட்சைக்குப் பதிய முன்னர் ஒரு நாள் வேலையை எடுத்து, ஒவ்வொரு அடியிலும் "இது ஏன்?" என்று உங்களையே கேளுங்கள். பதில் தட்டுப்படாத இடங்கள் அதிகம் என்றால், எத்தனை வருடம் வேலை செய்திருந்தாலும் தொடக்கநிலைக்குப் போங்கள், வெட்கப்படாதீர்கள். பதில்கள் தெரிகின்றன, ஆனால் இரண்டு சரியான வழிகளுக்கிடையே எதை எடுப்பது என்றுதான் தடுமாறுகிறீர்கள் என்றால் உயர்நிலைக்குப் போங்கள், பயப்படாதீர்கள். அன்று காலை கொப்பி எடுக்கத் தொடக்கநிலை அறிவு வேண்டியிருந்தது. அந்தக் கொப்பியை அப்படியே அனுப்பக் கூடாது என்று பிடிக்க மற்றது வேண்டியிருந்தது. ஒன்றை மற்றதன் தம்பி என்று நான் நினைத்ததுதான் பிழை.

என் உயர்நிலைச் சான்றிதழ் ஓய்வு பெறும் வருடத்தில் காலாவதியானது. புதுப்பிக்கவில்லை. கடைசி மாதத்தில், அறுபது வயதில், தொடக்கநிலைக்குப் பதிந்தேன். கந்தோரின் சின்ன அறையில், கணினியின் கமரா பார்த்துக்கொண்டிருக்க, தனியாக உட்கார்ந்து எழுதினேன். வெளியே சத்தம் போட வேண்டாம் என்று டீச்சர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். சித்தி என்று திரையில் வந்தது. நான் நினைத்ததைவிடக் குறைந்த புள்ளி.

வெளியே வந்தபோது மற்றவர்கள் கை தட்டினார்கள். டீச்சர் புள்ளியைக் கேட்கவில்லை.

"எதில சேர் தடுமாறினீங்கள்?"

"மூண்டு கேள்வி டீச்சர். இப்பவும் விடை தெரியேல்லை."

ஒரு கதிரையை இழுத்துத் தன் மேசைக்குப் பக்கத்தில் போட்டார். "வாங்கோ, பாப்பம்."

அவருடைய பஸ் வரும்வரை இருந்து பார்த்தோம். இரண்டு விளங்கின. மூன்றாவது அவருக்கும் தெரியவில்லை, குறித்துக்கொண்டு போனார்.